வாடகையும் கணிப்பொறியும்: சான் பிரான்சிஸ்கோ நகரத் தடைச் சட்டம் – ஓர் ஆய்வு

முன்னுரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தர் வாழ்வின் அடிப்படைத் தேவைகளாம். சொந்த வீடு இல்லாதார் வாடகை வீட்டில் வாழ்வர். வீட்டுக்காரரும் குடிபுகுவோரும் பேசி வாடகையை முடிவு செய்வதே பொதுவழக்கு. அமெரிக்க நாட்டில் இப்பேச்சினிடையே கணிப்பொறி மென்பொருளும் புகுந்தது. போட்டியாளர்தம் மறைவான தகவல்களைக் கொண்டு வாடகையைப் பரிந்துரைக்கும் அம்மென்பொருளை அந்நாட்டில் முதன்முதலாகத் தடைசெய்த நகரம், கலிபோர்னியா மாநிலத்துச் சான் பிரான்சிஸ்கோ ஆகும். அத்தடையின் காரணத்தையும் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மென்பொருள் இயங்கும் முறை

விளம்பரத்தில் கேட்கும் வாடகையை ஊரார் அறிவர். பேசி முடித்த வாடகையை அவ்விருவரே அறிவர். டெக்சாஸ் மாநிலத்து ரியல்பேஜ் நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்திய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர்கள், முடிவான வாடகை, ஒப்பந்தக் காலம், காலி வீடுகளின் அளவு முதலிய விவரங்களை அதற்கு அளித்து வந்தனர். பலரிடமிருந்து வந்த அவ்விவரங்களைத் தொகுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் இன்ன வாடகை கேட்கலாம் என அது பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் புரோபப்ளிக்கா என்னும் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வுக் கட்டுரை இதனைப் பரவலாக வெளிப்படுத்திற்று.

போட்டி மறைதல்

வீடு காலியாகக் கிடப்பின் உரிமையாளருக்கு இழப்பு. ஆதலின் அவர் வாடகையைச் சற்றுக் குறைப்பார்; பக்கத்து உரிமையாளரும் குறைப்பார். எளியோருக்குச் சந்தை தரும் பாதுகாப்பு இதுவே. உரிமையாளர் அனைவரும் ஒரே ஆலோசகரின் சொல்லைக் கேட்பாராயின், குறைக்க வேண்டும் என்னும் அச்சம் அவர்களிடமிருந்து அகலும். குடியிருக்க வருபவர் நான்கு வாயில்களில் ஏறி இறங்கினும் ஒரே விடையையே கேட்பார். தமக்கு எதிரே நிற்பது ஒரே கணக்கு என்பதையும் அவர் அறியார்.

சட்டத்தின் பார்வை

போட்டியாளர் தம்முள் கூடி விலை நிர்ணயிப்பதை 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் தடுக்கிறது. இங்கோ எவரும் ஓரிடத்தில் கூடவில்லை. கூடாமலே கூட்டுச் சேர இயலுமா என்பதே வழக்கின் உயிர்நாடியான வினா. இயலும் என்று கூறி, 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறையும் எட்டு மாநிலங்களும் ரியல்பேஜ்மீது வழக்குத் தொடுத்தன. பரிந்துரையை ஏற்பதும் மறுப்பதும் உரிமையாளர் விருப்பம் என்றும், வாடகை உயர்வுக்கு வீட்டுப் பற்றாக்குறையே காரணம் என்றும் நிறுவனம் வாதிட்டது. 2025 நவம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, நீதித்துறையுடன் அது சமரச உடன்பாட்டுக்கு வந்தது.

நகரங்களின் நடவடிக்கை

நீதித்துறை வழக்குத் தொடுப்பதற்கு முந்திய மாதமே, அதாவது 2024 ஜூலையில், சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் தடைக்கு வாக்களித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிலடெல்பியா நகர மன்றமும், 2025இல் மினியாபொலிஸ், ஜெர்சி சிட்டி நகர மன்றங்களும் இவ்வழியைப் பின்பற்றின. 2025 அக்டோபரில் நியூயார்க் மாநிலமும் இத்தகைய சட்டம் இயற்றியது.

சான் பிரான்சிஸ்கோ சட்டம் கணிப்பொறியை விலக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. உரிமையாளர் தம் வரவு செலவைக் கணக்கிடலாம். வெளிப்படையான விளம்பரங்களை ஒப்பிடலாம். போட்டியாளர்தம் மறைவான தகவல்களைத் திரட்டி வாடகை வகுக்கும் மென்பொருளே அங்குத் தடைக்குள்ளாயிற்று.

முடிவுரை

இத்தடையால் புதிய வீடு ஒன்றும் எழும்பிவிடாது. பற்றாக்குறை நீங்க வீடுகள் கட்டப்படல் வேண்டும். எனினும், பற்றாக்குறைக் காலத்திலேயே மறைவான கூட்டு மிகுந்த தீங்கு விளைக்கும். வேறிடம் தேடிச் செல்ல வழியற்றவர் கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும். மனிதர் நேரில் செய்தால் குற்றமாவது, கருவியின் வழியாகச் செய்யப்படும்போது மட்டும் குற்றமற்றதாகிவிடுமோ? ஆகாது என்பதே சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம் அளித்த விடை. கணிப்பொறி பயிலும் மாணவர்களும் பொருளியல் பயிலும் மாணவர்களும் ஒருங்கே சிந்தித்தற்குரிய விடை இதுவாகும்.