தனிக்குரலின் தகைமை
(கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் இசைத்தட்டுகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

தோற்றுவாய்

இசைக்கு உருகாத உள்ளம் உலகில் அரிது. கலங்கிய சவுல் மன்னனின் நெஞ்சம் தாவீது மீட்டிய சுரமண்டலத்தால் ஆறுதல் எய்தியதென விவிலியம் கூறும். ஆயின், இசையினால் எழும் இன்பம் ஒன்று. பாடும் ஒருவர்மேல் எழும் பற்று மற்றொன்று. முன்னது கேட்ட மாத்திரையில் நிகழ்ந்து மறைவது. பின்னது ஆண்டுகள் பல கடந்தும் நிலைநிற்பது. இப்பற்று எதனை ஆதாரமாகக் கொண்டது? குரலையா, பாட்டையா, அன்றிப் பாடுவோரின் வாழ்க்கையையா? ஒரு குழுவிலோ, துணை ஒருவருடனோ புகழ்பெற்ற பாடகர் பின்னர்த் தனித்துப் பாடுங்காலத்து இவ்வினா கூர்மை அடைகின்றது. கேட்போர் அப்பொழுதுதான் தாம் விரும்பியது இணையையோ, ஒருவரையோ என்பதைத் தம்மையே வினவிக்கொள்ள நேர்கின்றது. இதனை ஆராய்வதற்குத் தமிழ்நாட்டில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் வரலாற்றினும் பொருத்தமானது வேறொன்று இல்லை.

மேடையில் இணைந்த இரு குரல்கள்

அம்மையார் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு வறிய குடும்பத்திற் பிறந்தவர். இளமையிலேயே நாடகக் கம்பெனியிற் சேர்ந்து, பாலர் வேடங்களில் நடித்துப் பயின்றார். இலங்கையில் நாடகமாடச் சென்றவிடத்தில், செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் ஒரே மேடையில் நடிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. பின்னர் இருவரும் இல்வாழ்விலும் இணைந்தனர்.

அக்காலத்து நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி இல்லை. ஆயிரவர் கூடிய பந்தலின் கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் சொல் தெளிவாக எட்டவேண்டும். ஆதலின் உயர்ந்த சுருதியும், அடைப்பில்லாத திறந்த தொண்டையும், எழுத்துப் பிசகாத உச்சரிப்பும் நாடகப் பாடகர்க்கு இன்றியமையாதனவாயின. இவை மூன்றும் இருவரிடத்தும் ஒருங்கே அமைந்திருந்தன. ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் ஒருவர் பாட மற்றவர் அதனை ஏற்று மேலே செலுத்துவதைக் கேட்கவே மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். கதை யாவர்க்கும் தெரிந்ததே. அவர்கள் காண வந்தது இரு குரல்களின் போட்டியையும் உறவையுமே.

தட்டில் தனித்த குரல்

மேடையில் இணைந்து நின்றவர்களின் குரல்கள் இசைத்தட்டில் தனித்தனியாகவும் ஒலித்தன. தட்டு என்பது யாது, அது குரலுக்குச் செய்வது யாது என்பதை இவ்விடத்துச் சிறிது விளக்குதல் தகும். நம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

பீங்கான் பொம்மை செய்வோர் முதலில் மூலவடிவம் ஒன்றைச் செய்து, அதினின்று பிளாஸ்டர் அச்சு எடுப்பர். மேடானது அச்சிற் குழியாகும், குழியானது மேடாகும். அவ்வச்சினுட் களிக்கூழை வார்க்க, நீரை அச்சு உறிஞ்சிக்கொள்ள, களிமண் சுவரிற் படிந்து மூலவடிவம் மீண்டும் தோன்றும். உலர்த்திச் சூளையிலிட்டபின் அது நிலைபெறும். ஓர் அச்சினின்று பொம்மைகள் பல பிறக்கும். அக்காலத்து இசைத்தட்டும் இவ்வாறே பிறந்தது. பாடுவோரின் குரல் மெழுகுத் தகட்டில் நுண்ணிய வரிப்பள்ளமாகக் கீறப்பட்டது; அதன்மேல் மின்முறையால் உலோகம் படியச்செய்து எதிரச்சு எடுத்தனர்; அவ்வுலோக அச்சைக்கொண்டு அரக்கும் கற்பொடியும் கரிப்பொடியும் கலந்த குழைவை அழுத்தித் தட்டுகளை வார்த்தனர். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடியது.

1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் தம் பாட்டைப் பதிவு செய்தபோது, இறுதியில் தம் பெயரையும் தாமே கூறி முடித்தார். உடலினின்று பிரிந்து ஊர்தோறும் செல்லப்போகும் குரல் இன்னாருடையதென அறிவிக்க வேண்டியிருந்தது போலும்! தட்டில் வேடமில்லை, விளக்கில்லை, எதிர்நிற்கும் துணையில்லை; பக்கவாத்தியத்துடன் குரல் ஒன்றே உண்டு. மேடையில் ஒருமணி நேரம் விரிந்தது இங்கே மூன்று நிமிடத்துள் அடங்கவேண்டும். ஆதலின் வீணான சங்கதிகளுக்கு இடமில்லை.

கேட்போர்க்கும் இதனால் புதிய உரிமை ஒன்று வாய்த்தது. கொட்டகையில் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவினால் பாடகர் மனமிருந்தால் மீண்டும் பாடுவார், இன்றேல் இல்லை. ‘பிளேட்டு’ வைத்திருப்பவனோ முள்ளைத் தூக்கி மீண்டும் முதலில் வைத்தாற் போதும். நூறுமுறை கேட்டபின் அக்குரலின் ஒவ்வொரு வளைவும் அவனுடைய நினைவிற் பதிந்து, அவனுக்கே உரியதாகிவிடும். பாடகரை ஒருமுறையும் நேரிற் காணாத அன்பர் கூட்டம் தோன்றியது இவ்வாறே.

துணை பிரிந்த பின்

1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா தம் இருபத்தேழாம் வயதிற் காலமானார். அம்மையார்க்கு அப்பொழுது வயது இருபத்தைந்தே. அதுமுதல் வெள்ளாடையும் திருநீறுமே அவருடைய கோலமாயின. ஆடவர் எவருடனும் இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியையும் அவர் மேற்கொண்டார். சில காலம் ஒதுங்கியிருந்து, பின்னர் நந்தனார் வேடத்தைத் தாமே தாங்கி மேடைக்கு வந்தார். 1935-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் நடித்ததற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் அளிக்கப்பட்டது. அந்நாளில் அஃது எவரும் வியந்த தொகை. மகாராஜபுரம் விசுவநாத ஐயர் அப்படத்தில் வேதியராக நடித்தார்.

இங்கே நாம் உற்று நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அம்மையார் கிட்டப்பாவின் இடத்தில் வேறொருவரை நிறுத்த முயலவில்லை. அவ்விடத்தை வெறிதாகவே விட்டுவைத்தார். மாறியது பாட்டின் பொருளே. வள்ளி நாடகத்தில் முருகனாக எதிர்நின்றவர் கிட்டப்பா. அங்கே முருகனை நோக்கிப் பாடியது காதற்பாட்டு. தனிக்குரலாய் நின்றபின் அம்மையார் முருகனை நோக்கிப் பாடியது பக்திப்பாட்டு. விளிக்கப்படுபவன் அவனே, எதிரே நிற்பார் மட்டும் இல்லை. இவ்வெற்றிடத்தைக் கேட்போர் செவி உணர்ந்தது. அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் இழவையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். அம்மையாரின் பாட்டிலோ இழவு புலம்பலாக வெளிப்படாமல், வேண்டுதலாக உருமாறியது. அதுவே அதன் உயர்வு.

ஓர் ஐயமும் அதன் தீர்வும்

இவ்விடத்து ஒருசாரார், “அன்பர்கள் உருகியது இசைக்கன்று, இளமையில் துணையிழந்த பெண்ணின் கதைக்கே” எனக் கூறலாம். இதனைத் தள்ளிவிடாமல் ஆராய்தல் கடன்.

முதலாவது, துயரம் நேர்வதற்கு முன்னரே அம்மையாரின் குரல் நாடெங்கும் பரவியிருந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய காந்தியடிகளைப் பற்றிய பாட்டை அவர் பாடிய தட்டு விடுதலை இயக்கக் காலத்தில் பெரும்புகழ் பெற்றது. அங்கே பரிவுக்குரிய கதை எதுவும் துணைநிற்கவில்லை. பாடிய முறையே கேட்போரைக் கவர்ந்தது. இரண்டாவது, 1953-ஆம் ஆண்டு வந்த ‘ஔவையார்’, 1964-ஆம் ஆண்டுப் ‘பூம்புகார்’, 1965-ஆம் ஆண்டுத் ‘திருவிளையாடல்’ ஆகிய படங்களில் அவர் குரலைக் கேட்ட இளையோருட் பலர் கிட்டப்பாவின் பெயரையும் அறியாதவர். அவர்களும் உருகினர். மூன்றாவது, இசைத்தட்டில் வெள்ளாடை தெரிவதில்லை. வாழ்க்கைக் கதை அன்பரை வாயில்வரை அழைத்து வரலாம்; உள்ளே இருத்தி வைப்பது குரலின் உண்மையே. உண்மையற்ற குரல் எத்துணைத் துயரக் கதையைச் சுமந்தாலும், பத்துமுறை கேட்டபின் சலிப்பையே தரும்.

பிறநாட்டு ஓர் ஒப்புமை

இது தமிழ்நாட்டிற்கே உரிய செய்தியன்று. பல தட்டுகளைப் புகைப்படத் தொகுதி போன்ற உறைநூலில் வைத்து விற்ற வழக்கத்தினின்றே ‘ஆல்பம்’ என்னும் பெயர் இசைத்தொகுதிக்கு வந்தது. இக்காலத்து மேனாட்டில் ‘மெட்டல்’ என வழங்கும் வன்முழக்க இசையில் இன்னிசை தழுவிய பிரிவு ஒன்றுண்டு. பின்லாந்து நாட்டில் 1996-ஆம் ஆண்டு தோன்றிய ‘நைட்விஷ்’ குழுவில், செவ்வியல் இசை பயின்ற தார்யா துருனென் என்னும் பெண்மணி பாடிப் புகழ்பெற்றார். 2005-ஆம் ஆண்டு குழுவினர் வெளிப்படையான கடிதத்தின் வாயிலாக அவரை விலக்கினர். அன்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். 2007-ஆம் ஆண்டு அவர் ‘மை விண்டர் ஸ்டார்ம்’ என்னும் தனித்தொகுதியை வெளியிட்டார். ஒருவர்க்கு நேர்ந்தது மரணப் பிரிவு. மற்றவர்க்கு நேர்ந்தது மனப்பிரிவு. நாடும் பண்ணும் வேறு, ஆயினும் அன்பர் நெஞ்சிலெழுந்த வினா ஒன்றே: “துணையின்றி இக்குரல் நிற்குமோ?” பழைய முழக்கத்தையே மீண்டும் எதிர்பார்த்தவர் ஏமாற்றமுற்றனர், குரலையே நாடியவர் அதில் நிறைவு கண்டனர்.

முடிவுரை

இவற்றால் அறியத்தக்கது யாது? தனித்து நிற்கும் பாடகர் இழந்த துணையைப் போலி செய்து நிரப்ப முயலின் வீழ்வர்; தம் குரலின் இயல்புக்கேற்ற புதுப்பொருளைத் தேடிக்கொள்ளின் வாழ்வர். அம்மையார் 1970-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்று, 1980-ஆம் ஆண்டு மறையுங்காறும் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடினார். அதில் பெரும்பகுதி தனித்து நின்ற காலமே என்பது இதற்குச் சான்று.

கேட்போராகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. மாணவர்காள்! பாடகரின் வாழ்க்கைச் செய்திகளைத் திரட்டுவதே இசையன்பு என எண்ணற்க. கண்ணை மூடி, ஒரு பாட்டைப் பெயரறியாதவர் பாடியதாகக் கருதிக் கேண்மின். அப்பொழுதும் நெஞ்சம் நெகிழுமாயின் அந்நெகிழ்ச்சி இசைக்குரியது. பின்னர்ப் பாடினவரின் துயரை அறிந்து கேட்பின், அவ்வறிவு இசையின் இடத்தைக் கவராமல் அதற்கு ஆழம் தரும். மண்ணின் உறுதி பொம்மையின் நிறத்தாற் புலப்படுவதன்று. சூளையின் வெம்மையில் நின்ற பின்னரே புலப்படும். குரலின் உறுதியும் அத்தகையதே.