விட்டதைப் பிடிக்காமல் கடனை அடைப்பது

சூதாட்டத்தில் கடன்பட்டவர் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு நல்ல ஆட்டம் அமைந்தால் போதும், விட்டதைப் பிடித்துவிடலாம், எல்லாரையும் ஒரே நாளில் செட்டில் செய்துவிடலாம், வீட்டுக்குத் தெரியவே வேண்டாம். ஆட்டத்தை நிறுத்திய பிறகும் இந்தக் கணக்கு நிற்பதில்லை, வேஷம் மாற்றிக்கொள்கிறது. ஊர் நிலத்தை விற்று முடித்துவிடலாமா? மாமனாரிடம் கேட்கலாமா? பெரிய லோனாக ஒன்று போட்டுச் சின்னதையெல்லாம் அடைத்துவிடலாமா? அவசரம் மட்டும் அதே அவசரம்தான். இங்கே சொல்லப்போகும் வழி அதற்கு நேர் எதிர்: மெதுவாக, சில வருடங்கள் எடுத்துக்கொண்டு, பணம் உங்கள் கைக்கே வராமல் அடைப்பது.

ரம்மி ஆப், ஐபிஎல் பெட்டிங், மூன்று நம்பர் லாட்டரி, சீட்டாட்ட கிளப், எதில் விட்டிருந்தாலும் வழி ஒன்றுதான். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003லேயே தடை வந்தது. மூன்று நம்பர் சீட்டு இன்றும் கள்ளத்தனமாக விற்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்தது. பெரிய ஆப்கள் நின்றன, ஆனால் வெளிநாட்டு இணையதளங்களும் டெலிகிராம் குழுக்களும் வலை வீசிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த மத்தியச் சட்டம் தண்டிப்பது ஆட்டத்தை நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும்தான். ஆப்பில் பணம் விட்டவரை அது குற்றவாளியாகப் பார்க்கவில்லை. அதனால் உதவி கேட்டுப் போகப் பயப்பட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்து போகிறதென்றால் கடன் பட்டியல் காத்திருக்கட்டும். 14416க்கு அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்குச் செலவில்லாமல் ஆலோசனை கிடைக்கும்.

முதல் வேலை: கைக்கும் பணத்துக்கும் நடுவே ஓர் ஆள்

கடனை எண்ணுவதற்கு முன் பணம் வரும் வழியை மாற்ற வேண்டும். மனைவி, அக்கா, அப்பா, யாராவது ஒருவர் பணத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு நீங்கள் கடன்பட்டிருக்காமல் இருப்பது நல்லது. சம்பளம் வந்த அன்றே அவர் கணக்குக்கு முழுவதும் போய்விட வேண்டும். உங்கள் போனிலிருந்து ஜிபே, போன்பே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நெட் பேங்கிங்கை வங்கியில் எழுதிக் கொடுத்து முடக்குங்கள். கிரெடிட் கார்டை வெட்டிப் போட்டால் மட்டும் போதாது, எண் மனப்பாடமாக இருக்கும். வங்கியில் சொல்லி பிளாக் செய்ய வேண்டும்.

கடையில் ஸ்கேன் செய்யாமல் இன்றைக்கு ஒரு டீ கூடக் குடிக்க முடியாதே என்றால், யுபிஐ சர்க்கிள் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்கும் வகையில் மனைவியின் கணக்கில் உங்களை இரண்டாவது ஆளாகச் சேர்க்கலாம். நீங்கள் ஸ்கேன் செய்தால் அவர் போனுக்குத் தகவல் போகும், அவர் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் போகும். கூச்சமாக இருக்கும்தான். தினமும் நூறு ரூபாய்த் தாளாக வாங்கிக்கொள்வது இன்னும் எளிது.

ஆப்களை அழித்தால் மட்டும் போதாது, கணக்கையே மூடச் சொல்ல வேண்டும். டெலிகிராம் குழுக்களிலிருந்து வெளியேறி, ஆட்ட நண்பர்களின் எண்களைத் தடுத்துவிடுங்கள். வாலட்டில் மிச்சம் ஏதாவது கிடந்தால் அது வீட்டுக் கணக்குக்குப் போகட்டும்.

இரண்டாவது: முழுப் பட்டியல்

இதுதான் கடினமான நாள். ஒரு நோட்டு எடுத்து யாருக்கு, எவ்வளவு அசல், என்ன வட்டி, எந்தத் தேதி, என்ன ஈடு என்று எழுத வேண்டும். ஏறக்குறைய எல்லாரும் ஒன்றிரண்டை மறைப்பார்கள். மனைவிக்குத் தெரியாமல் அடகு வைத்த வளையல், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாங்கிய முப்பதாயிரம், தங்கையின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். மறைத்த கடன்தான் மறுபடி ஆட வைக்கும். யாருக்கும் தெரியாமல் அதை அடைக்க வேறு வழி தோன்றாது.

ஞாபகத்தை நம்ப வேண்டாம். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வங்கி, கார்டு, பதிவு பெற்ற லோன் ஆப் எல்லாம் அதில் இருக்கும். தண்டலும் கைமாற்றும் இருக்காது, அவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சம்பளம் 32,000. வங்கிக் கடன் 2,40,000, கார்டு 85,000, லோன் ஆப் மூன்றில் 42,000, நகை அடகு 1,60,000, தண்டல் 20,000, மச்சானிடம் 1,00,000, நண்பரிடம் 30,000. மொத்தம் 6,77,000. வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட், பள்ளி, மருந்து என்று 22,000 போனால் மிச்சம் 10,000. அதில் ஆயிரத்தை அவசரத்துக்கு ஒதுக்கினால் கடனுக்கு 9,000. வட்டியே இல்லை என்று வைத்தாலும் 75 மாதம், அதாவது ஆறு வருடத்துக்கு மேல்.

இந்த எண்ணைப் பார்த்ததும் பழைய கணக்கு தலைதூக்கும். அன்று சாயங்காலம் தனியாக இருக்காதீர்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. பட்டியலைப் பார்த்து மனம் பதறி, மகளிர் குழுவில் லோன் எடுத்தோ, இருக்கும் தாலிச் செயினை வைத்தோ ஒரே அடியாக அடைத்துவிடாதீர்கள். கடன் மொத்தமும் தீர்ந்த மறுநாள் அவருக்கு எல்லாரும் மறுபடி கடன் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற சுயஉதவி அமைப்பு 1957இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதன் பழைய உறுப்பினர்கள் புதியவரையும் துணையையும் உட்கார வைத்து வரவு செலவு போட்டுத் தருவார்கள். அங்கும் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கச் சொல்வதில்லை. வீட்டுச் செலவு போக மிஞ்சுவதை, சிறிதானாலும் ஒழுங்காகக் கட்டச் சொல்வார்கள்.

யாருக்கு முதலில்?

சத்தம் போடுபவருக்கு முதலில் என்று தோன்றும். அது தவறு. வாடகையும் சாப்பாடும் பள்ளிக் கட்டணமும் முதலில், அடுத்து ஏலம் போகக்கூடிய நகை. வட்டியையாவது கட்டி அடகை உயிரோடு வையுங்கள். தனியார் பைனான்ஸிலோ அடகுக் கடையிலோ இருந்தால், வட்டி குறைந்த வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ரசீது மனைவி பெயரில் இருக்கட்டும். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் “இதே நகைக்கு இன்னும் நாற்பதாயிரம் கிடைக்கும், வாங்கிக்கிறீங்களா சார்?” என்று போன் வரும். அந்தப் போன் உங்கள் எண்ணுக்கு வரக் கூடாது.

பிறகு வட்டி விகிதம். தண்டலில் பத்தாயிரம் என்று சொல்லி 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். 1,500தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், வருடக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். கார்டில் மாதம் மூன்று, மூன்றரை சதவீதம். அதில் ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அசையாது. நிலுவையைத் தவணையாக மாற்றச் சொல்லுங்கள்.

தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் தமிழ்நாட்டில் 2003ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. மூன்று வருடம் வரை சிறை உண்டு. மிரட்டினால் காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ மனு கொடுக்கலாம். பெட்டிங் புக்கியிடம் தோற்ற பணம் வேறு வகை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. பட்டியலில் அது கடைசி.

பேச வேண்டிய விதம்

போனை அணைத்து வைப்பதுதான் பலர் செய்வது. அது கடன் கொடுத்தவரை வீட்டு வாசலுக்கு அழைத்துவரும். நீங்களே முதலில் பேசுங்கள், முடிந்த தொகையை மட்டும் சொல்லுங்கள். “அண்ணே, மாசம் ரெண்டாயிரம்தான் முடியும். அஞ்சாம் தேதி வீட்ல இருந்து உங்க அக்கவுண்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்கு மேல சொன்னா திரும்பவும் பொய் சொன்னதாயிடும்.” இவ்வளவு போதும். திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் தேதி தவறாமல் பணம் போனால் குரல் மாறும்.

வங்கியிடம் தவணைக் காலத்தை நீட்டிக்க எழுத்து மூலம் கேளுங்கள். மேலாளர் மாறிவிடுவார், கடிதம் ஃபைலில் இருக்கும். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. புகார் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தவணை கட்ட முடியாமல் போனதாலேயே அது குற்றமாகிவிடாது, “நாளைக்கு போலீஸ் வரும்” என்பது மிரட்டல். ஆனால் செக் கொடுத்திருந்தால் கவனம். பவுன்ஸாகி வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், கிடப்பில் போட்டால் அது குற்ற வழக்காகிவிடும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100இல் அழையுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார், லோக் அதாலத்தில் வங்கியோடு சமரசம் பேசவும் வழி உண்டு.

லோன் ஆப்காரர்கள் படத்தை மார்பிங் செய்து உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். உறவினர்களிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்த மிரட்டலுக்கு வேலையே இல்லை.

சிபில் ஸ்கோர் போய்விட்டதே என்று வருந்துபவர்கள் உண்டு. சூதாட்டத்திலிருந்து மீள்பவருக்கு இரண்டு மூன்று வருடம் எந்த வங்கியும் கடன் தராமல் இருப்பதைப் போல ஒரு பாதுகாப்பு கிடையாது என்பேன். ஸ்கோரைச் சரிசெய்ய அவசரப்பட வேண்டாம்.

ஆபத்தான தேதிகள்

தீபாவளி போனஸ், ஏலச்சீட்டு எடுத்த பணம், பிஎஃப், நிலம் விற்ற பங்கு. மொத்தமாகப் பணம் வரும் நாளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வரும் முன்பே அது எந்தக் கடனுக்கு என்று நோட்டில் எழுதி, நேரே அங்கே போகும்படி செய்யுங்கள். கூடுதல் வருமானத்துக்கு வேலை தேடினாலும், தினம் கையில் காசு புழங்கும் வேலையைவிட, மாதம் ஒரு முறை கணக்கில் சம்பளம் விழும் வேலை மேல். ஐபிஎல் நடக்கும் இரண்டு மாதமும் மாலை நேரத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

மீறி ஒரு நாள் ஆடிவிட்டால், அன்று இரவே பணம் பார்த்துக்கொள்பவரிடம் தொகையைச் சொல்லி நோட்டில் ஏற்றுங்கள். பணம் எந்த ஓட்டை வழியாகப் போனதோ அதை அடைத்துவிட்டு, அடுத்த அஞ்சாம் தேதித் தவணையை வழக்கம்போலக் கட்டுங்கள்.

ஒரு கடன் முடியும்போது ‘நிலுவை இல்லை’ சான்று, கையெழுத்துப் போட்ட புரோநோட்டு, வெற்று செக், நகை எல்லாவற்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை வங்கியில் ரத்து செய்யுங்கள். மிச்சமாகும் தவணைத் தொகையில் பாதி அடுத்த கடனுக்கு, மீதிப் பாதி மனைவி பெயரில் தபால் நிலைய ஆர்.டி.க்கு.