ஒளி வாய்க்கால்களும் முறைப் பாசனமும்

தாமிரபரணிப் பாசனம் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகளைப் பற்றி நிற்பது. ஆற்றில் நீர் மிகுந்திருப்பினும், முறையின்றி மடை திறப்பின் தலைமடை நிறையக் கடைமடை வாடும். இவ்வுண்மை இணைக்கணினிகளின் ஒளிவலைக்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

இணைக்கணினியென்பது ஒரு பெருங்கணக்கைப் பல செயலிகள் பகுத்துக்கொண்டு ஒருங்கே செய்வது. புனேயில் 2024-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பெற்ற ‘அர்க்கா’ வானிலைக் கணிப்புக்கென அமைந்தது. வானிலைக் கணக்கில் நிலப்பரப்பைக் கட்டங்களாக வகுத்துச் செயலிகளுக்குப் பங்கிடுவர். அயற்கட்டத்தின் காற்றும் ஈரமும் அறியாமல் எச்செயலியும் அடுத்த படிக்குச் செல்லவியலாது. ஆகலின், ஒன்று பிந்தினால் அதன் அயலனவும், பின்னர் அனைத்தும் காத்திருக்கும்.

செயலிகளிடையே செய்திகளைக் கண்ணாடியிழை வழியே ஒளி சுமந்து செல்லும். பல நிற ஒளிகள் ஓரிழையில் ஒன்றையொன்று கெடாமற் செல்லும். ஒரே நிறத்தில் இரு செய்திகள் ஒருங்கே புகின் இரண்டுங் கெடும். நீராயின் குளத்திலே தேக்கலாம். ஒளிக்கோ அத்தகைய குளமில்லை. சந்திகளில் அதனை மின்குறியாக்கி நிறுத்திப் பின்னர் மீண்டும் ஒளியாக்கலாம். அதற்குக் காலமும் மின்னாற்றலும் செலவாம்.

ஒளியை ஒளியாகவே செலுத்த வழி இரண்டுள. ஒன்று, வேண்டுகோளை முன்னனுப்பி, இழையும் நிறமும் ஒதுக்கப்பெற்ற பின்னர்ச் செய்தியை விடுப்பது. இதில், மிகச் சிறிய செய்தியும் உத்தரவுக்குக் காத்து நிற்கும். மற்றொன்று, எது எதற்கு எப்பொழுது அனுப்பும் என்னும் முறையை முன்னரே வகுப்பது. வானிலைக் கணக்கைப்போல் தொடர்பு மாறாதவற்றுக்கு இது சாலப் பொருந்தும். ஆயினும், எதிர்பாராத தேவை எழுமிடத்து, ஒன்றன் முறை வெறிதே கழிய மற்றொன்று காத்திருக்க நேரும். கூகிள் நிறுவனத்தார் 2023-இல் விளக்கிய, 4,096 சில்லுகள் கொண்ட கணினியில், சிறு கண்ணாடிகள் திரும்பி, பணி தொடங்குமுன்னரே ஒளிவழிகளை அமைக்கின்றன. அஃது இரண்டாம் நெறியைச் சார்ந்தது.

2023 டிசம்பர்த் திங்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்ததையும், ஆற்றங்கரை ஊர்கள் நீரில் மூழ்கியதையும் நாம் மறந்திலேம். அத்தகைய நாளில் கணிப்பு ஒரு நாழிகை முந்தி வருதலும் கரையோர மக்களுக்குப் பேருதவியாம். ஆதலால், ஒளிவலையின் சிறப்பை அதன் வேகம் ஒன்றினாலே அளவிடற்க. கடைசிச் செயலி எத்துணைப் பொழுது காத்திருந்தது என்பதனாலே அளவிடுக. கடைமடை வயல் காயாதிருப்பதன்றோ நல்ல முறைக்குச் சான்று!