கோதுமைப் புரத உணவு: இல்லத்தில் செய்யும் முறையும் உண்ணும் நெறியும்

உயிர்க்கொலை தவிர்த்தல் பஞ்சசீலத்தின் முதற் சீலம். அதனை ஏற்றுக்கொண்ட உபாசகர் இல்லத்தில், “ஊனை விலக்க விரும்பினால் அதற்கு ஈடாக எதனை உண்பது? எளியவர்க்கும் அது கிட்டுமா?” என்னும் கேள்வி எழுதல் இயல்பு. நம் நாட்டில் பருப்பும் பயறும் தொன்றுதொட்டு அதற்கு விடையாக இருந்து வருகின்றன. சீனத்திலும் ஜப்பானிலும் உள்ள பௌத்த மடங்களின் மடைப்பள்ளிகள் மற்றுமொரு விடையைப் போற்றி வளர்த்தன. கோதுமை மாவை நீரில் கழுவி எடுக்கும் புரத உணவே அது. அதன் இயல்பையும் வரலாற்றையும் செய்முறையையும், அதனை எத்தகைய உள்ளத்தோடு உண்ண வேண்டும் என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. இதன் இயல்பு

கோதுமை மாவில் பெரும்பகுதி மாச்சத்து. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புரதம். அப்புரதத்தின் முதன்மையான பகுதிகள் கிளையடின், குளுட்டெனின் என்னும் இரண்டு. நீர் வார்த்துப் பிசையும்போது இவை ஒன்றோடொன்று பின்னி வலைபோல் ஆகின்றன. பரோட்டா மாவு அறுபடாமல் மெல்லியதாக விரிவது இவ்வலையினால்தான். அரிசி மாவுக்கு இத்தன்மை இல்லை. பிசைந்த கோதுமை மாவை நீரில் கசக்கினால் மாச்சத்து வெண்ணிறப் பாலாக வெளியேறும். நீரில் கரையாத வலை, ரப்பர்போல் இழுபடும் உருண்டையாக எஞ்சும். அதற்குக் குளூட்டன் என்று பெயர்.

திருநெல்வேலி அல்வா செய்வோர் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுப்பதை நம்மவர் அறிவர். அவர்கள் பாலைக் கொண்டு சக்கையை நீக்குகின்றனர். இங்கோ பாலைப் பிரித்து வைத்துவிட்டு, எஞ்சுவதை உணவாகக் கொள்கிறோம்.

2. வரலாறு

ஊனுணவை மறுக்கும் பகுதியைக் கொண்ட இலங்காவதார சூத்திரத்தை, இந்தியப் பிக்குவாகிய குணபத்திரர் கி.பி. 443இல் சீன மொழியில் பெயர்த்தார். பின்னர் லியாங் நாட்டை 502 முதல் 549 வரை ஆண்ட ஊ மன்னர், பிக்குகள் ஊனும் மதுவும் தவிர்க்க வேண்டுமென வலியுறுத்தினார். 517இல் அரச வழிபாட்டில் உயிர்ப்பலியை நிறுத்தி, மாவினாற் செய்த பொருள்களைப் படைக்கச் செய்தார்.

சீனர் குளூட்டனை ‘மியன்ஜின்’ என்பர். மாவின் தசைநார் என்பது அதன் பொருள். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் ஷென் குவோ, இரும்புக்குள் எஃகு அமைந்திருப்பதை விளக்கப் புகுந்து, கழுவிய மாவில் தசைநார் வெளிப்படுவதையே உவமையாகக் காட்டினார். அக்காலத்திலேயே இம்முறை மக்கள் நன்கறிந்ததாக இருந்தது என்பது இதனால் விளங்கும். ஜப்பானில் இவ்வுணவு ‘ஃபூ’ எனப்பட்டு, ஜென் மடங்களின் உணவில் இடம்பெற்றது. அந்நாட்டின் டோகன் என்னும் ஜென் ஆசான் 1237இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் இயற்றினார். சமையலும் சாதனையே என்பது அதன் கருத்து. மேலைநாடுகளில் இன்று வழங்கும் ‘சேய்ட்டான்’ என்னும் பெயர், ஜப்பானியரான ஜார்ஜ் ஓசாவா 1960களின் தொடக்கத்தில் இட்டதாகும்.

3. செய்முறை

வேண்டுவன: மைதா மாவு 1 கிலோ, தண்ணீர் சுமார் 600 மில்லிலிட்டர், சிறிது உப்பு. தவிடுள்ள ஆட்டா மாவிலும் செய்யலாம்; ஆயின் தவிட்டுத் துகள் கலந்திருக்கும்.

முதலாவது, மாவில் நீரைச் சிறிது சிறிதாக வார்த்து, 10 முதல் 15 நிமிடம் வரை அழுத்திப் பிசைக.

இரண்டாவது, உருட்டிய மாவு முழுவதும் மூழ்குமாறு குளிர்ந்த நீரில் 1 மணி நேரம் வைத்திடுக. இதனைச் சுருக்கினால் கழுவும்போது மாவு சிதறும்.

மூன்றாவது, அந்நீரிலேயே மெதுவாகக் கசக்குக. நீர் பால்போல் ஆனதும் வடிகட்டி, வேறு நீர் வார்த்து மீண்டும் கசக்குக. முதல் இரண்டு கழுவலில் மாவு கரைந்தே போய்விடும் போலத் தோன்றும், அஞ்ச வேண்டா. வடிகட்டியில் தங்கும் துணுக்குகளை உருண்டையோடு சேர்த்து அழுத்துக. ஆறேழு முறை கழுவியபின் நீர் ஏறக்குறையத் தெளியும்.

நான்காவது, உருண்டையை 30 நிமிடம் நீர் வடிய விடுக. 250 முதல் 300 கிராம் வரை கிடைக்கும்.

ஐந்தாவது, துண்டுகளாக்கி, இஞ்சி, மிளகு, சீரகம், உப்பு இட்ட நீரில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவைக்க. துண்டுகள் உப்பும், ஆதலின் அகன்ற பாத்திரம் கொள்க. நீர் தளதளவெனக் கொதித்தால் அவை பஞ்சுபோல் ஆகிவிடும்.

இவ்வுணவுக்குத் தனிச்சுவை குறைவு. சேர்ந்த சாற்றின் சுவையையே ஏற்கும். புளிக்குழம்பு, குருமா, மிளகு வறுவல் ஆகியவற்றிற்கு ஏற்றது. எண்ணெயில் இடுமுன் நன்கு பிழிந்து ஈரம் போக்குக. இல்லையேல் எண்ணெய் தெறிக்கும். சீன மடங்களில் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை; அஃது அம்மரபின் விதி.

கழுவிய பாலைச் சில மணி நேரம் தெளியவிட்டு, அடியில் தங்கும் மாவைக் கூழுக்கோ வடகத்துக்கோ அல்வாவுக்கோ அன்றே பயன்படுத்துக, வைத்திருந்தால் புளித்துவிடும். தெளிந்த நீர் செடிக்கு ஆகும்.

4. அறிய வேண்டுவன

கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் சத்து குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. ஆதலின் இதனைப் பருப்புக்கு மாற்றாகக் கொள்ளாமல், பருப்போடு சேர்த்து உண்பதே நன்று. சீலியாக் நோய் உள்ளவர்க்கும் கோதுமை ஒவ்வாதவர்க்கும் இவ்வுணவு கூடவே கூடாது.

5. உண்ணும் நெறி

மஜ்ஜிம நிகாயத்தின் ஜீவக சுத்தத்தில், தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் கண்டோ கேட்டோ ஐயுற்றோ இருந்தால் அவ்வூனைப் பிக்கு ஏற்கலாகாது எனப் பகவான் புத்தர் வரையறுத்தார். ஊன் முழுவதையும் விலக்கவில்லை. சுத்த நிபாதத்தின் ஆமகந்த சுத்தமோ, கொலை, களவு, பொய், வஞ்சனை முதலியனவே முடைநாற்றம், ஊனுண்ணல் அன்று என விளக்குகிறது.

உணவைக் காட்டி மாந்தரை மேலோர், கீழோர் எனப் பிரித்த வழக்கம் இந்நாட்டில் எத்துணைப் பேரைச் சேரிக்குள் அடைத்தது என்பதை நாம் அறிவோம். மாட்டிறைச்சி உண்டதற்கும் தீண்டாமை தோன்றியதற்கும் உள்ள தொடர்பைப் பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார். அவ்வழக்கத்தைப் பௌத்தத்தின் பெயரால் நாமே மீண்டும் வீட்டுக்குள் அழைத்து வருவது தகாது. இவ்வுணவைச் சமைப்பவர் உயிர்களின்பால் கொண்ட கருணையால் சமைக்க. ஊனுண்ணும் அண்டை வீட்டாரைத் தாழ்வாக எண்ணாதிருக்க. இயன்றால் அவர்க்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புக.

சிந்தனைக்கு:

1. ஜீவக சுத்தம் கூறும் மூன்று நிபந்தனைகள் யாவை?
2. ஊனை விலக்குவோர் உள்ளத்தில் செருக்குப் புகாமல் காப்பது எங்ஙனம்?
3. கழுவிய பாலை வீணாக்காமல் உங்கள் இல்லத்தில் எவ்வெவற்றுக்குப் பயன்படுத்தலாம்?