இழுக்கும் வலியின் எல்லை

வள்ளுவனார் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் மயிற்றோகை ஏற்றிய வண்டியொன்றைக் காட்டுகின்றார். மெல்லிய பொருளேயாயினும் அளவிறந்து ஏற்றின் அச்சு முறியும் என்பது அவர் கருத்து. இதனைப் பாடங்கேட்ட நாளில் எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. அவ்வளவு வண்டிக்கு மட்டும் உரியதோ, வண்டி செல்லும் நிலத்திற்கும் உரியதோ?

ஔவையார் பொகுட்டெழினியைப் பாடிய புறப்பாட்டில் இதற்கு ஒருவாறு விடை கிடைக்கின்றது. உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர். பாரமோ பெரிது, எருதுகளோ இளையன, வழியோ பள்ளத்தில் இழியும், மேட்டில் ஏறும், யாது நேருமென்று யாரறிவார் என்பது அவர்தம் எண்ணம். பாரத்தோடு நிலத்தையும் சேர்த்தெண்ணிய அவ்வுமணரின் மதி இக்காலத்து மோட்டார் செலுத்துவோர்க்கும் வேண்டுவதாதலின், சாலையில்லா நிலத்தில் பாரமிழுத்தலைப் பற்றிச் சிறிது ஆராயப் புகுந்தோம். தமிழ் பயில்வோர்க்கு மோட்டாரில் யாது அலுவல் என்று நகைக்கும் பௌதிக வகுப்பு நண்பர் பொறுத்தருள்க.

லாண்டு ரோவர் என்னும் வண்டி 1948 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. அதன் வழிவந்து 2016 வரை செய்யப்பட்ட டிபெண்டர் வண்டியின் கையேட்டில் ஒரு சிறு அட்டவணை உண்டு. தானே பிடிக்கும் பிரேக்குடைய டிரெய்லராயின் சாலையில் 3500 கிலோ வரை இழுக்கலாம். சாலையை விட்டிறங்கினால் 1000 கிலோவே. பிரேக்கில்லாத டிரெய்லராயின் சாலையில் 750, வெளிநிலத்தில் 500. வண்டி அதுவே, எஞ்சினும் கொக்கியும் அவையே. அங்ஙனமாயின் எஞ்சிய 2500 கிலோ எங்கே போயிற்று?

நிலம் அதனை உண்டுவிட்டது என்பதே விடை. தார்ச்சாலையில் 1000 கிலோ பாரத்தை உருட்ட ஏறத்தாழ 15 கிலோ இழுவிசை போதும். தளர்ந்த மணலிலோ 200 கிலோவும் அதற்கு மேலும் வேண்டும்; சக்கரம் அழுந்தித் தனக்கு முன்னே தானே ஒரு மேட்டை ஆக்கிக்கொண்டு அதன்மேல் ஏற முயல்கின்றது. பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றமாயின் ஒவ்வோர் 1000 கிலோவுக்கும் மேலும் 100 கிலோ விசை வேண்டும்.

இனி இழுப்பவனது நிலையைப் பார்ப்போம். நாற்சக்கரமும் உந்தும் 2000 கிலோ வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். மணலில் சக்கரத்தின் பற்று எடையில் பத்தில் நான்கு பங்கு என்று கொண்டால், அது தரக்கூடிய விசை 800 கிலோ. தன்னை மணலில் உருட்ட 400, ஏற்றத்திற்கு 200 ஆக 600 கிலோ தனக்கே செலவாகும். மீதி 200. பின்வரும் டிரெய்லரோ 1000 கிலோவுக்கு 300 கேட்கின்றது. ஆகவே ஏறத்தாழ 667 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர் அவ்விடத்தில் அசையாது. இவ்வெண்கள் கணக்கின்பொருட்டு யாம் கொண்டவை. நிலந்தோறும் ஈரந்தோறும் மாறுவன.

எஞ்சின் வலியுடையதாயிற்றே என்பர் சிலர். தாழ்ந்த கியரில் அதன் வலி பன்மடங்காவது உண்மையே. ஆயினும் நிலம் பற்றுத் தராதபோது அவ்வலியெல்லாம் குழி தோண்டுதற்கே பயன்படும். செங்கடலிற் புகுந்த பார்வோனின் தேர்கள் வருந்தி ஊர்ந்ததை யாத்திராகமத்திற் படிக்கின்றோம். அஃது ஆண்டவர் செயல். எனினும் குதிரைகளின் வலி குன்றிற்றென்று அங்குச் சொல்லப்படவில்லை, உருளைகளே கழன்றன.

ஏற்றத்தினும் இறக்கம் கொடிது. தானே பிடிக்கும் பிரேக்கு, டிரெய்லர் முன்வண்டியை உந்தும்போதுதான் தொழிற்படும். சாலையில் அவ்வுந்துதலை முன்வண்டி தாங்கும். சேற்றுச் சரிவிலோ, முன்வண்டி சிறிது கோணி நின்றாலும், பின்னிருந்து வரும் தள்ளல் அதனைப் பக்கவாட்டில் திருப்பிவிட, இரண்டும் கத்தி மடிவதுபோல் மடிந்து கவிழும்.

சிக்கிய வண்டியை மீட்பதில் பிறிதோர் ஆபத்து உண்டு. டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டிலேயே கயிற்றைக் கட்டி வேறொரு வண்டியால் வெட்டியிழுப்பர். அக்குண்டு சீரான இழுப்பிற்கென்று அமைந்தது; வெட்டியிழுக்கும் விசையைத் தாங்காது முறிந்தால் பீரங்கிக் குண்டாய்ப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இவ்வாறு உயிரிழந்தோர் உளர். வண்டியின் சட்டத்தோடு பிணைத்த மீட்பு வளையத்திலன்றி வேறெங்கும் கட்டலாகாது. அருகில் நிற்போர் கயிற்றின் நீளத்திற்கும் அப்பால் விலகல் வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் யாம் சிலர், அரிசி மூட்டைகள் ஏற்றிய டிரெய்லரும் ஜீப்பும் உடன்வர, மலையூர் ஒன்றிற்குச் சென்றோம். ஈரமான ஏற்றமொன்றின் அடியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி, மேலேவரை நடந்துபோய் வந்து, மூட்டைகளில் பாதியை இறக்குங்கள் என்றார். ஜீப்பு இழுக்காதோ என்று வினவினோம். ஜீப்பு இழுக்கும் தம்பி, மண்ணு விடாது என்றார். முணுமுணுத்துக்கொண்டே ஆளுக்கொரு மூட்டையாய்த் தோளிற் சுமந்து ஏறினோம். ஜீப்பு எமக்கு முன்னே மேலே போய்ச் சேர்ந்திருந்தது.