முதுமையில் உடற்காவல்



“காய்ச்சல் இல்லை, ஆகவே நோய் ஒன்றும் இல்லை” என்று வீட்டு முதியவரைக் குறித்துப் பலர் ஆறுதல் கொள்கின்றனர். இவ்வெண்ணம் சில வேளைகளில் உயிருக்கே ஊறு விளைவிக்கும். அஃது எவ்வாறு என்பதை உணர, வயது ஏற ஏற நம் நோயெதிர்ப்பாற்றல் அடையும் மாற்றங்களை முறையாக அறிதல் வேண்டும்.

இருவகைக் காவல்

நம் உடலைக் காக்கும் ஆற்றல் இருவகைப்படும். ஒன்று பிறவியிலேயே அமைவது. தோல், மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப்படலம், கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள் ஆகியவை இதன்பாற்படும். எக்கிருமி நுழைந்தாலும் இக்காவல் உடனே எதிர்க்கும். மற்றொன்று கற்றுப் பெறுவது. இது கிருமியை இன்னதென அடையாளம் கண்டு, அதற்கெனவே ஆயத்தமாகி, நோய் தீர்ந்த பின்னும் அதனை நினைவிற் கொள்ளும். டி அணுக்கள், பி அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்கள் இப்பணியைச் செய்கின்றன. முதுமையில் பெரிதும் தளர்வது இந்தக் கற்கும் ஆற்றலே.

பயிற்சிப் பள்ளி

டி அணுக்களின் மூலம் எலும்பு மஜ்ஜையில் தோன்றுகிறது. பின்னர் அவை மார்பெலும்பின் பின்னே, இதயத்திற்குச் சற்று மேலே அமைந்த தைமஸ் சுரப்பியை அடைந்து பயிற்சி பெறுகின்றன. தன்னுடல் எது, அயற்பொருள் எது எனப் பிரித்தறிவதே அங்குக் கற்கும் பாடம். தேறாதவை அங்கேயே அழிந்துபோகும். இச்சுரப்பியின் பயன் நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1961-ஆம் ஆண்டில் லண்டனில் ஆய்வு செய்த ழாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை நீக்கினால் அவை நோயை எதிர்க்க இயலாமல் நலிவதைக் கண்டு உண்மையை வெளிப்படுத்தினார்.

இப்பள்ளி இளமையிற் செழித்து, பருவ வயதிற்குப் பின் சுருங்கத் தொடங்குகிறது. முதுமையில் அதன் பெரும்பகுதி வெறும் கொழுப்பாகிவிடுகிறது. ஆகவே புதிய டி அணுக்களின் வரவு குறைய, முன்னரே கற்றுத் தேர்ந்தவையே மிகுதியாக எஞ்சுகின்றன.

பழைய பாடமும் புதிய பாடமும்

இதன் விளைவை இரண்டு நிகழ்ச்சிகளால் விளக்கலாம். வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. அதன் பின் 65 ஆண்டுகள் அந்நோய் அங்கு இல்லை. 1846-இல் மீண்டும் வந்தபோது, சுமார் 7,800 மக்களுள் ஏறத்தாழ 6,000 பேர் நோயுற்றனர். ஆராயச் சென்ற டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும், 1781-இல் நோயுற்றுப் பிழைத்த முதியோர் 98 பேரைக் கண்டார். அவர்களுள் ஒருவருக்கேனும் அந்நோய் மீண்டும் வரவில்லை. இளமையிற் கற்ற பாடத்தை உடல் முதுமையிலும் மறக்கவில்லை.

2020-இல் உலகெங்கும் பரவிய கொரோனாத் தொற்றோ எவர் உடலும் முன்பு அறியாதது. புதிதாகக் கற்றே அதனை வெல்ல வேண்டியிருந்தது. அதனால் உயிரிழந்தோருள் முதியோரே மிகுதி.

ஓயாத கனல்

மற்றொரு மாற்றமும் உண்டு. கிருமியை எதிர்க்கும்போது உடலில் அழற்சி எழுவதும், பணி முடிந்தபின் அடங்குவதும் இயல்பு. முதுமையில் இஃது முற்றும் அடங்காது, சாம்பலுக்குள் நெருப்பாய்க் கனன்றுகொண்டே இருக்கும். இந்நிலையை இத்தாலிய அறிஞர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இதய நோய், நீரிழிவு போன்றவற்றுடன் இதற்குத் தொடர்பு உண்டு.

அறிகுறி மறைதல்

காய்ச்சல் என்பது காவலர் எழுப்பும் அபாய ஒலி. காவல் தளர்ந்தால் ஒலியும் தளரும். நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ கண்ட முதியவருக்குக் காய்ச்சல் மிகக் குறைவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். திடீர்க் குழப்பம், உணவில் வெறுப்பு, மிகுந்த அயர்வு, காரணமின்றிக் கீழே விழுதல் ஆகியவையே முதல் அறிகுறிகளாகலாம். இயல்பான உடல் வெப்பத்தைவிட 2 டிகிரி பாரன்ஹீட் ஏறினாலே கருத்திற் கொள்ள வேண்டும். “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று ஒதுக்காமல், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

செய்யத்தக்கவை

முதிய மாணவருக்குக் கற்பிக்கவே இயலாதென எண்ணுதல் தவறு. பாடத்தைச் சற்று உரக்கவும் திரும்பத் திரும்பவும் சொல்ல வேண்டும். தடுப்பூசிகளும் அத்தகையனவே. இளமையில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருந்து, டி அணுக்கள் தளரும் காலத்தில் அக்கியாக வெளிப்பட்டுக் கடும் வலி தரும். இதற்கென எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்து அமைத்த தடுப்பூசி, இரண்டு தவணைகளில், 70 வயதைக் கடந்தோரிடமும் அக்கியைச் சுமார் 90 விழுக்காடு தடுத்தது. இன்ஃபுளுயன்சாவிற்கு ஆண்டுதோறும் போடும் ஊசி குறித்தும், நிமோனியாத் தடுப்பூசி குறித்தும் மருத்துவரிடம் கேட்டறிக.

எதிர்ப்பொருள்களும் புரதத்தால் ஆனவையே. கஞ்சியும் ரசமும் மட்டும் முதியோருக்குப் போதா. பருப்பு, பயறு, பால், தயிர் ஆகியவை நாள்தோறும் வேண்டும். புலால் உண்ணாதோர் வைட்டமின் பி12 அளவையும் சோதித்தறிதல் நன்று. அன்றாட நடையும் நல்லுறக்கமும் துணை செய்யும்.

பயிற்சி வினாக்கள்

1. டி அணுக்கள் எங்குப் பயிற்சி பெறுகின்றன? அவ்வுறுப்பு முதுமையில் என்னாகிறது?

2. 1846-இல் ஃபாரோ முதியோர் 98 பேர் தப்பியதும், 2020-இல் முதியோர் மிகுதியாக மாண்டதும் ஏன்?

3. உங்கள் இல்லத்துப் பெரியவர் நலமாயிருக்கும் நாளில் அவரது உடல் வெப்பம் எவ்வளவு? இவ்வினாவிற்கு விடை இக்கட்டுரையில் இல்லை. வெப்பமானி கொண்டு இன்றே கண்டு, குறித்து வைத்துக்கொள்க.