சிறு பட்டணத்தில் பாலர் கல்வி

ஆயாக் கொட்டகையில் காவல் இருந்தது; கல்வி இல்லை. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையில் சேர்த்தது. சுங்கை சிப்புட் போன்ற பட்டணங்களில் கெமாஸ் பாலர் பள்ளியும் ஒற்றுமைத் துறையின் பாலர் பள்ளியும் பெற்றோர் நாடக்கூடியவை. அவற்றில் மலாய்மொழியே முதன்மை. தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் நடைபெறும் அரசாங்கப் பாலர் வகுப்பிலோ தமிழே போதனாமொழி. மலாயும் ஆங்கிலமும் உடன் கற்பிக்கப்படும். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதுவே எளிய வாயில். ஆயினும் எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இவ்வகுப்பு இல்லை. உள்ள இடத்தும் ஒரு வகுப்பில் 25 பிள்ளைகளே. ஆதலின் முன்னதாகவே விசாரித்துப் பதிவு செய்க.

வகுப்பு ஏறக்குறைய நான்கு மணி நேரமே. பால் எடுத்துத் திரும்பும்வரை பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கும் ஏற்பாடு வேண்டும்.

எழுதி நிரப்பிய ஏடுகளைக் கொண்டு பள்ளியின் தரத்தை எடைபோடுதல் முறையன்று. பிள்ளை கூச்சமின்றிப் பேசுகிறதா, கேட்ட கதையைத் திருப்பிச் சொல்கிறதா என ஆசிரியரிடம் கேளுங்கள்.